கீழே ஒருவர், மேலே ஒருவர்

பெங்களூர்
12.6.1966

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தம்மபாலன் எழுதுவது. நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீ, மாமா, மாயா மூவரும் சுகம்தானே?

மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயில் நகரும் வரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மாமாதான் ஜன்னலோரம் கூடவே நடந்து வந்து, "இன்னா ஆனாலும் லெட்டர் போடு மச்சான்" என்றார். அதனால்தான் வந்த வாரமே எழுதுகிறேன்.

விமானப் பள்ளியில் நாங்கள் ஒன்பது பேர். நான்தான் மூத்தவன், இருபத்தெட்டு வயது. மற்றவர்கள் காபித் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள், ராணுவ அதிகாரி வீட்டுப் பிள்ளைகள். நம் ஊர்க்காரன் ஒருவன் இருக்கிறான். சாம்பியன் ரீஃப் மைன்ஸ் வால்டர். ஆங்கிலோ இந்தியன் என்றாலும் நம்மைப் போலத்தான் தமிழ் பேசுகிறான். என்னைப் பார்த்ததும், "இன்னா தம்மா, கேஜ் ஓட்டுன ஆளு ஏரோப்ளேன் ஓட்ட வந்துட்டியா?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான்.

நேற்று முதல் தடவை ஏறினேன். சின்ன விமானம். பெயர் புஷ்பக். ஆசிரியரும் மாணவனும் தோளோடு தோள் இடிக்க உட்காரலாம். இறக்கை துணியால் போர்த்தியது. விரலால் தட்டினால் முறம் தட்டுகிற சத்தம் வருகிறது. எட்டு வருஷம் வைண்டிங் எஞ்சின் லீவரைப் பிடித்து, கேஜ் கூண்டில் ஆட்களைத் தங்கச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றிய கை இது. எத்தனை அடி கயிறு ஓடியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன். இங்கே கயிறு இல்லை அக்கா. தரை விலகியதும் என் கை பிரேக்கைத் தேடியது. ஆசிரியர் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

வீட்டு விஷயம்தான் மனதை அரிக்கிறது. வேலையை விட்டவன் அறுபது நாளில் கம்பெனி லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வீடு போனால் மாமாவின் சைக்கிள் கடைக்குப் பின்னால் இருக்கும் அந்த ஜன்னலில்லாத அறைதான் உங்களுக்கு. ஏர் பிளாஸ்ட்டில் பாறை வெடித்துச் சரிந்து பத்தொன்பது மணி நேரம் மரச்சட்டங்களுக்கு அடியில் கிடந்தவர் மாமா. அந்த அறையில் ஒரு மணி நேரம்கூட அவரால் இருக்க முடியாது. ஆபீசில் என்ன சொன்னார்கள்? உடனே எழுது.

உன் தம்பி,
தம்மபாலன்

*

நந்திதுர்க் மைன்ஸ்
27.6.1966

அன்புத் தம்பி தம்மபாலனுக்கு அக்கா ரத்தினம்மா எழுதிக்கொண்டது.

புத்தபகவான் அருளால் இங்கே யாருக்கும் குறைவில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஹாஸ்டல் சாப்பாடு எப்படி? களி கிடைக்காது என்று தெரியும். சோறாவது வயிறு நிறையப் போடுகிறார்களா?

வீட்டைப் பற்றிக் கவலைப்படாதே. இருக்கலாம் என்று ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த விவரமெல்லாம் எனக்குத் தெரியாது. நீ படிப்பைப் பார்.

ஸ்டேஷனில் நான் பேசவில்லை என்று எழுதியிருக்கிறாய். வாயைத் திறந்தால் போகாதே என்று சொல்லிவிடுவேன் என்றுதான் மூடிக்கொண்டிருந்தேன். சர்க்கார் உதவிச் சம்பளம் கிடைத்து, ராத்திரியும் பகலும் படித்துப் பரீட்சை எழுதிப் போகிறவனை எப்படித் தடுப்பது? அடுத்த வீட்டுப் பாப்பம்மா தினமும் குழாயடியில் கேட்கிறாள், "இன்னா ரத்தினம், தம்பி ஆகாசத்துல போறானாமே, கீழ வந்துட்டானா?" அவள் விளையாட்டாகக் கேட்கிறாள். நான் குடம் நிறையும் முன்பே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

மாமா சுகம். காலையில் சீக்கிரமே கிளம்பிவிடுகிறார். மாயா மூன்றாம் வகுப்பில் முதல் மாணவி.

ஒவ்வொரு தடவையும் இறங்கியதும் எழுது. ஒரு கார்டு போதும்.

அக்கா,
ரத்தினம்மா

*

பெங்களூர்
19.8.1966

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் நலம். உங்கள் நலத்துக்கு எழுதவும். ஒவ்வொரு தடவையும் கார்டு போட்டால் தபால்காரர் என்னைத் திட்டுவார். ஆனால் இதை எழுதத்தான் வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை தனியாகப் பறந்தேன்.

மூன்று தடவை தரையைத் தொட்டு எழும்பியதும் ஆசிரியர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "ஒரு சுற்று போய் வா" என்று தோளில் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் புல்லில் நடந்து போனார். பக்கத்து இருக்கை காலி. அவர் எடை இல்லாததால் விமானம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் எழும்பிவிட்டது. ஏரி, ராகிக் காடு, ரயில் பாதை எல்லாம் கீழே ஓடுகின்றன. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. இதை இறக்க வேண்டியவன் நான் மட்டும்தான்.

இறக்கினேன். இரண்டு தடவை குதித்தது. வால்டர் ஓடி வந்து தலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினான். இங்கே அதுதான் வழக்கமாம். அவன் போன மாதமே தனியாகப் போய்விட்டான். பயமே இல்லாத பிறவி. பறக்கும்போது பாடுகிறான் என்று ஆசிரியர் திட்டுகிறார்.

இன்னும் இருநூறு மணி நேரத்துக்கு மேல் பறந்தால்தான் சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் லைசென்ஸ். மாமா ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? கடையில் அவ்வளவு வேலையா?

உன்
தம்மா

*

நந்திதுர்க் மைன்ஸ்
30.9.1966

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீயும் சுகமாயிருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். தையல் வேலை அதிகம்.

உன் கடிதத்தை மாயாதான் படித்தாள். பக்கத்து இருக்கை காலி என்ற இடம் வந்ததும், போதும் நிறுத்து என்று சொல்லிவிட்டேன். நீ இறங்கியதால்தானே எழுதியிருக்கிறாய், அது என் புத்திக்குத் தெரிகிறது. இருந்தாலும் மிச்சத்தை இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டேன்.

மாமாவுக்குக் கொஞ்சம் இருமல். கடைத் தூசி. வாசல் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றிப் போட்டுவிட்டார். மழையடித்தாலும் கதவு திறந்தே கிடக்கிறது. நானும் ஒன்றும் சொல்வதில்லை. கொஞ்சம் இளைத்திருக்கிறார். மற்றபடி ஒன்றுமில்லை.

வால்டரின் அக்கா ஐடா டீச்சர் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளின் நாடகத்துக்கு உடை தைக்கக் கொடுத்தாள். அம்மா இல்லாத பையன், நான்தான் வளர்த்தேன் என்றாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் துணியை அளந்துகொண்டே இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஒரு கேள்வி. மேலே போனபிறகு அந்த எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்? நீ உண்மையைச் சொல்லமாட்டாய். வால்டரைக் கேட்டு எழுது.

அக்கா

*

பெங்களூர்
8.11.1966

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். போன மாதம் எழுத முடியவில்லை. பரீட்சை இருந்தது. இப்போது மழையும் மேகமுமாக இருப்பதால் பறப்பது குறைவு.

நீ கேட்டதற்குப் பதில். எஞ்சின் அப்படியெல்லாம் நிற்காது. நின்றாலும் விமானம் கல் மாதிரி விழாது, பருந்து மாதிரி மிதந்து இறங்கும்.

வால்டர் ஊருக்குப் போய்விட்டான்.

மாமாவின் இருமலுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல். மாயாவுக்கு முத்தம். அடுத்த கடிதம் எழுதத் தாமதமானால் பயப்படாதே.

தம்மபாலன்

*

நந்திதுர்க் மைன்ஸ்
15.11.1966

தம்பிக்கு,

வால்டர் ஊருக்கு வந்ததை நான் பார்த்தேன். அக்டோபர் 22, சனிக்கிழமை, சாயங்காலம் நான்கு மணி. பெட்டியைத் திறக்க விடவில்லை. ஐடா டீச்சர் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு, "இதுக்குள்ள இருக்கிறது அவன்தான்னு எனக்கு யாராவது சொல்லுங்க" என்று ஒவ்வொருவரையும் கேட்டாள்.

நீ வருவாய் என்று கல்லறை வாசல் வரை கூட்டத்தில் தேடினேன். பெங்களூரிலிருந்து ஏழு பேர் வந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட பையன்கள். நீ ஒருவன்தான் இல்லை. ஒருவனிடம் உன்னைக் கேட்டேன். "அவருக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். பதினெட்டு நாள் கழித்து உன் கடிதம் வருகிறது. நலம் என்று முதல் வார்த்தை.

எஞ்சின் நின்றதென்று அந்தப் பையன்தான் சொன்னான். பருந்து மாதிரி என்று எனக்கு எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? நீ உயிரோடு இருக்கிறாயா என்று தெரிந்துகொள்ள உன் கையெழுத்தை மூன்று தடவை பார்த்தேன்.

இனிமேல் எனக்குப் பொய் எழுதாதே. என்னால் தாங்க முடியாது என்று நினைத்தால் எழுதாமலே இரு.

ரத்தினம்மா

*

பெங்களூர்
2.12.1966

அக்கா,

உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். எனக்கு உடம்பு ஒன்றுமில்லை. அன்று மற்றவர்கள் வேனில் ஏறினார்கள். நான் ஹாஸ்டல் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். வால்டர் தனியாகக் கிளம்பினான். முந்நூறு அடிகூட ஏறியிருக்கமாட்டான். எஞ்சின் இருமுவது போல இரண்டு சத்தம், பிறகு சத்தமே இல்லை. எதிரே உழுத நிலம் இருந்தது. நேராக அதில் இறங்கியிருந்தால் காலோ கையோ முறிந்திருக்கும், உயிர் தப்பியிருக்கும். அவன் ஓடுபாதைக்கே திரும்பி வரப் பார்த்தான். அவ்வளவு தாழ்வில், வேகம் இல்லாமல் திரும்பினால் இறக்கை காற்றை விட்டுவிடும். ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. நான் கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஓடிப் போனவர்களில் நானும் ஒருவன். அதற்குமேல் எழுதமாட்டேன்.

அன்றிலிருந்து ஆறு வாரம். நான் ஒரு தடவைகூடப் பறக்கவில்லை. தலைவலி என்கிறேன், காதுவலி என்கிறேன். விமானத்தைத் துடைக்கிறேன், பெட்ரோல் நிரப்புகிறேன். உள்ளே உட்கார்ந்தால் ஸ்விட்சைத் தொடாமலே இறங்கிவிடுகிறேன். ஆசிரியர் ஒன்றும் கேட்பதில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

நான் திரும்பி வந்துவிடுகிறேன் அக்கா. கேஜ் இறக்கும் வைண்டிங் வேலையில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று எஞ்சினியரிடம் மாமாவைக் கேட்கச் சொல். எட்டு வருஷ அனுபவம் உள்ளவனை வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். லீவரைப் பிடித்தால் கால் தரையில் இருக்கும்.

உடனே பதில் எழுது.

தம்மா

*

நந்திதுர்க் மைன்ஸ்
14.1.1967

அன்பு மச்சான் தம்மபாலனுக்கு கோவிந்தசாமி எழுதுவது.

உன் கடிதமும் அதற்குப் பின்னால் வந்த இரண்டு கார்டும் கிடைத்தன. உன் அக்கா ஆறு தடவை பதில் எழுத உட்கார்ந்தாள். ஆறு தடவையும் கிழித்துப் போட்டாள். உன்னைப் பொய் எழுதாதே என்று சொன்ன கையால் எப்படிப் பொய் எழுதுவது என்கிறாள். அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

எஞ்சினியரிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் காரியம் ஆகும். அவரை நான் தினமும் பார்க்கிறேன். போன ஜூன் மாதம் 20ஆம் தேதியிலிருந்து நான் மறுபடியும் அண்டர்கிரவுண்ட் வேலைக்குப் போகிறேன். பாறை சரியாமல் மரம் முட்டுக் கட்டும் வேலை. முதல் ஷிப்ட். கடையைப் பூட்டிவிட்டேன். வீட்டில் ஒருவன் கம்பெனியில் இருந்தால் லைன் வீடு நிற்கும். நீ போய்ப் படி என்று தலையாட்டியவன் நான். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ போயிருக்கமாட்டாய்.

நீ நினைப்பது எனக்குத் தெரியும். மாமாவுக்குப் பயம் போய்விட்டதா என்று. போகவில்லை. கேஜ் கதவைச் சாத்தும்போது ஒவ்வொரு நாளும் எனக்கு மூத்திரம் முட்டுகிறது. கீழே வேலை நடக்கும் லெவலுக்குப் போய்ச் சேரும் வரை பக்கத்து ஆளின் சட்டையைப் பிடித்துக்கொள்கிறேன். முதல் வாரம் சிரித்தார்கள். இப்போது மரியகுழந்தை என்று ஒருவன், நான் பிடிப்பதற்கு முன்னாலேயே கையை நீட்டிவிடுகிறான். பாறை கொஞ்சம் முனகினால்கூட அந்தப் பத்தொன்பது மணி நேரமும் திரும்பி வருகிறது. அன்று எனக்குப் பக்கத்தில் கிடந்தவன் முதல் மணியிலேயே செத்துவிட்டான். யாராவது என்னோடு பேசமாட்டார்களா என்று கத்திக் கத்தித் தொண்டை போனது. அதெல்லாம் வருகிறது. மேலே வந்து வெயிலைப் பார்த்ததும் போகிறது. மறுநாள் காலையில் மறுபடியும் வருகிறது.

இதைச் சொல்லி உன்னை மேலே ஏறு என்று சொல்லவில்லை. ஏறாதே என்றும் சொல்லவில்லை. வருகிறாயானால் வா. வைண்டிங் வேலை கிடைக்கும். ஆனால் ஒன்று தெரிந்துகொண்டு வா. முதல் ஷிப்ட்டில், கேஜில் ஆள் இருக்கிறது என்று மூன்று தடவை மணி அடிக்கும்போது, உள்ளே நிற்பவர்களில் நான் ஒருவனாக இருப்பேன். என்னை இறக்குவது நீயாக இருக்கும்.

மாயா உனக்கு நமஸ்காரம் சொல்கிறாள். உன் அக்கா சுகமாக இல்லை. சாப்பிடுவதில்லை.

கோவிந்தசாமி

*

பெங்களூர்
2.2.1967

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. ஊருக்கு வர டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன். இதை அக்காவும் படிக்கட்டும்.

ஆகாயத்தின் மேல் ஆசைப்பட்டு வேலையை விட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். ஆசை இருந்தது உண்மை. அது பாதிதான். போன வருஷம் பிப்ரவரியில் ஒரு நாள், ஷிப்ட் முடிந்து ஆட்கள் மேலே வரும் நேரம். மணி மூன்று தடவை அடித்தது. லீவரைத் தள்ளினேன். கயிறு ஓடிக்கொண்டிருக்கும்போது, இந்த முப்பது பேரும் என் ஒரு கையில் தொங்குகிறார்கள் என்று திடீரென்று தோன்றியது. எட்டு வருஷமாகத் தோன்றாதது. கை மரத்துப்போனது. பிரேக் போட வேண்டிய குறியைக் கயிறு தாண்டிவிட்டது. எப்படிப் போட்டேன் என்று தெரியாது, கடைசி நொடியில் போட்டேன். கேஜ் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. இறங்கியவர்கள், "இன்னாபா டிரைவர், தூங்கிட்டியா?" என்று சிரித்துக்கொண்டே போனார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம், ஒவ்வொரு மணிக்கும் செத்துப் பிழைத்தேன். யாருடைய உயிரும் என் கையில் இல்லாத இடத்துக்கு ஓட நினைத்தேன். தனியாகப் பறந்தால் போவது என் உயிர் ஒன்றுதானே. அதனால்தான் இங்கே வந்தேன்.

உங்களை இறக்க என்னால் முடியாது மாமா. அங்கே வரவும் முடியாது, இங்கே ஏறவும் முடியாது. இரண்டு நாள் இப்படி இருந்துவிட்டு, ஆசிரியரிடம் போய், பயமாக இருக்கிறது சார் என்று சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மூன்று மாதமாக நீ இதைச் சொல்வாய் என்று காத்திருக்கிறேன். வா" என்றார்.

இரண்டு பேரும் ஏறினோம். வால்டருக்கு எஞ்சின் நின்ற அதே உயரத்தில் அவரே எஞ்சினைக் குறைத்துவிட்டார். சத்தம் அடங்கிப்போனது. காற்று மட்டும் கம்பிகளில் ஊளையிட்டது. என் கால் தானாகவே, ஓடுபாதைக்குத் திரும்பும் பக்கத்துப் பெடலை மிதிக்கப் போனது. அவர் கத்தினார். "பின்னால் பார்க்காதே! எதிரில் என்ன இருக்கிறதோ அதில் இறங்கு!" எதிரில் அதே உழுத நிலம். மூக்கைத் தாழ்த்தினேன். மண்கட்டிகள் ஒவ்வொன்றாகத் தெரிகிற அளவுக்கு வந்ததும் எஞ்சினைக் கூட்டி மேலே தூக்கினார். "மறுபடி" என்றார். அன்று ஒன்பது தடவை. ஐந்தாவது தடவை நான் வாந்தி எடுத்தேன். கொடுத்த துணியில் வாயைத் துடைத்துக்கொண்டு ஆறாவது தடவை போனோம்.

பயம் போகவில்லை. ஆனால் நேற்றுத் தனியாகப் போனேன்.

நீங்கள் அந்த வேலையை விட்டுவிடுங்கள் மாமா. வீடு போனால் போகட்டும். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தம்மபாலன்

*

நந்திதுர்க் மைன்ஸ்
21.7.1967

அன்புத் தம்பிக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமா உயிரோடு இருக்கிறார். பேப்பரில் ஏர் பிளாஸ்ட் என்று பார்த்திருப்பாய். இப்போது மேலே படி.

திங்கட்கிழமை காலை பத்தே கால். நான் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தேன். தரை ஒரு தடவை தூக்கிப் போட்டது. பரணிலிருந்த பாத்திரமெல்லாம் விழுந்தன. மெஷின் ஊசி முறிந்துவிட்டது. பிறகு சங்கு ஊத ஆரம்பித்தது. நீ இருந்தபோது சங்கு ஊதினால் நீ மேலே வைண்டிங் எஞ்சின் வீட்டில் இருப்பாய் என்று ஒரு தைரியம் இருக்கும். இந்தத் தடவை ஒன்றுமில்லை. செருப்புப் போடாமல் ஓடினேன்.

கேட்டுக்கு வெளியே நூறு பெண்கள் நின்றோம். ஒருத்தியும் அழவில்லை. எல்லோரும் மணியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். மூன்று தடவை அடித்தால் ஆட்கள் வருகிறார்கள். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் நூறு பேரும் ஒரு அடி முன்னால் போவோம். முதல் கேஜ் வந்தது, அவர் இல்லை. இரண்டாவது, மூன்றாவது, இல்லை. அவரோடு வேலை செய்தவன் ஒருவன் வந்தான். அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணனுக்கு ஒண்ணும் ஆவல அக்கா. மரியகுழந்தை மேல மரம் விழுந்து மாட்டிக்கினான். அண்ணன் அவன் பக்கத்துல உக்காந்துக்கினு வரமாட்டேன்றாரு. நாலு பேரு இழுத்தும் வரல" என்றான்.

நினைத்துப் பார். ஜன்னலில்லாத அறையில் இருக்கமாட்டாரே, அவர். பாறை இன்னும் முனகிக்கொண்டிருக்கிறதாம். ரெஸ்கியூ ஆட்கள் போங்க போங்க என்று விரட்டினார்களாம். ஏழு மணி நேரம் தம்பி. சாயங்காலம் ஐந்தரைக்கு மணி மூன்று தடவை அடித்தது. ஸ்ட்ரெச்சரில் மரியகுழந்தை. ஸ்ட்ரெச்சரோடு நடந்து வந்தவருக்குத் தலையெல்லாம் வெள்ளை மண். எனக்கு அடையாளம் தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் கேட்டுக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பேச்சே வரவில்லை, குரல் போயிருந்தது. ஏழு மணி நேரமும் அவனோடு பேசிக்கொண்டே இருந்தாராம். சைக்கிள் கடை கதை, மாயா கதை, உன் கதை எல்லாம்.

மரியகுழந்தைக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். பிழைத்துக்கொண்டான்.

மறுநாள் மாமா ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். "போதும் ரத்தினம். அன்னிக்கு எங்கிட்ட யாரும் பேசல. நான் அவங்கிட்ட பேசிட்டேன். இனிமே எறங்கமாட்டேன்" என்றார். அன்றுதான் முதல் தடவையாக அவர் அழுதார். நான் அழவில்லை. அவருக்கு வெந்நீர் வைத்தேன்.

வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆண்டர்சன்பேட்டையில் இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்த ஒரு அறை பார்த்திருக்கிறோம். கடையை மறுபடி திறக்கிறார். இனி நீ திரும்பி வர இங்கே வீடும் இல்லை, வேலையும் இல்லை. உன்னைத் துரத்துவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் நிலைமை.

எனக்கு நீ பறக்க வேண்டும் என்று ஆசை இல்லை. இருந்தாலும் நிறுத்தாதே.

அக்கா

*

தெனாலி
16.9.1968

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

வணக்கம். இங்கே மழை, கொசு, காரமான சாப்பாடு. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. மாயாவின் கடிதம் கிடைத்தது. கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது.

லைசென்ஸ் வாங்கி ஆறு மாதம் வேலை தேடி அலைந்ததும், பயணிகள் விமானத்தில் பறந்த மணி நேரம் போதாது என்று திருப்பி அனுப்பியதும் உங்களுக்குத் தெரியும். இப்போது வயலுக்கு மருந்து தெளிக்கும் கம்பெனியில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பயிற்சி முடிந்து நேற்று முதல் நாள் வேலை. இனி நான் சம்பளத்துக்குப் பறக்கிறவன்.

பொய் எழுதாதே என்று சொன்னாய். அதனால் எழுதுகிறேன். இது பத்தடி உயரத்தில் செய்கிற வேலை. நெற்பயிர் சக்கரத்தில் உரசும் அளவுக்குத் தாழ்ந்து போக வேண்டும். வயலின் ஓரத்தில் பனைமரம், அதற்கப்பால் மின்சாரக் கம்பி. கடைசி நொடியில் தூக்கி, திருப்பி, மறுபடி இறக்க வேண்டும். கொடி பிடித்துக்கொண்டு வயலின் முனையில் ஒரு ஆள் நிற்பார். அந்தக் கொடியைக் குறிவைத்துத்தான் போக வேண்டும். நேற்று வேலு என்பவர் நின்றார். வேலூர்ப் பக்கத்துக்காரர், நம் பேச்சு. நான் நெருங்கும்போது அவர் தலையைக் குனிய வேண்டும். நான் அரை அடி தவறினால் அவர் இல்லை. யார் உயிரும் கையில் இல்லாத இடம் என்று நினைத்து வந்தேனே, அப்படி ஒரு இடம் கிடையாது போலிருக்கிறது.

முதல் ஓட்டத்தில் பிரேக் இல்லை, கயிறு இல்லை, கொடி மட்டும் பெரிதாகிக்கொண்டே வருகிறது. மருந்தைத் திறந்தேன், மூடினேன், தூக்கினேன். அவர் நிமிர்ந்து அடுத்த வரப்புக்கு நடப்பது தெரிந்தது. இருபத்தாறு ஓட்டம். இருபத்தாறு தடவையும் அவர் நிமிர்ந்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன். இறங்கியதும் அவரிடம் போய், "பயமா இல்லையா?" என்று கேட்டேன். "இல்லாம இன்னா? நீ பாத்து வாய்யா" என்று சொல்லிவிட்டு ஒரு பீடி கொடுத்தார். அதைப் பற்ற வைக்க மூன்று குச்சி ஆனது.

இங்கே இரண்டு அறை வீடு ஒன்று எடுத்திருக்கிறேன். நான்கு ஜன்னல். மாயாவுக்குத் தசரா விடுமுறை வரும்போது மூன்று பேரும் வாருங்கள். சீசன் முடிகிற வரை இருங்கள். விமானம் நிற்கும் இடம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வாசலில் நின்றால் நான் பறப்பது தெரியும்.

உங்கள்
தம்மபாலன்

*

ஆண்டர்சன்பேட்டை
24.9.1968

அன்புத் தம்பி தம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழுவதும் நானே படித்தேன். நடுவில் நிறுத்தவில்லை.

வருகிறோம். வியாழக்கிழமை இங்கிருந்து கிளம்பி வெள்ளிக்கிழமை மத்தியானம் சேருவோம். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், வேலையைப் பார். மாமா விசாரித்து அழைத்து வந்துவிடுவார். அவர் இப்போது இருமுவதில்லை. ஆனால் ரயில் சுரங்கத்துக்குள் போகுமா என்று இரண்டு பேரிடம் கேட்டுவிட்டார். மாயா மட்டும் குதித்துக்கொண்டிருக்கிறாள். வேலு அண்ணனுக்குக் கொடுக்க ஒரு தொப்பி தைக்கச் சொல்கிறாள். சிவப்புத் துணியில் தைத்திருக்கிறேன், உன் கண்ணுக்கு நன்றாகத் தெரியட்டும்.

ஒன்றே ஒன்று. காலையில் எத்தனை மணிக்கு ஏறுகிறாய், எத்தனை மணிக்கு இறங்குகிறாய் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. அந்த நேரத்தில் நான் சமையலறையில் இருப்பேன். மாமாவும் மாயாவும் வாசலில் நின்று பார்க்கட்டும். என்னைக் கூப்பிடாதே. நீ இறங்கி, எஞ்சினை நிறுத்தி, காலைத் தரையில் வைத்தபிறகு மாயாவை ஓடி வந்து சொல்லச் சொல். சோற்றை எடுத்துக்கொண்டு நான் வெளியே வருகிறேன். வேலுவுக்கும் சேர்த்து.

அக்கா,
ரத்தினம்மா